பத்து நாள் பார்த்துக்கொள்ள ஓர் இடம்: கொங்கு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கமுங்க. என் மகனைப் போன்ற மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைச் சில நாள் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் வந்து மனுவாகக் கொடுக்க வேண்டியது இது. காங்கேயத்திலிருந்து பஸ் ஏறித் திருப்பூர் வந்து, வரிசையில் நின்று, வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். அதுவரை என் மகனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால்தான் மடலாக எழுதுகிறேன். என்னைப் போன்ற அம்மாக்களை நீங்கள் அந்த வரிசையில் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். காரணம் இதுதான்.

மகனுக்கு 22 வயது. பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம். பேச்சு வராது, ஆனால் சொல்வதெல்லாம் புரியும். அவன் அப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே சிரிப்பான். உட்கார, குளிக்க, சாப்பிட, ராத்திரி புரண்டு படுக்க, எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை வேண்டும். எடை 48 கிலோ. வீட்டுக்காரர் தேங்காய்க் களத்து வேலைக்கு விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி கிடையாது.

போன வருடம் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாதாம். மூன்று தடவை தேதி குறித்தோம், மூன்று தடவையும் நானே தள்ளிப்போட்டேன். வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சியில் விசாரித்தால் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் என்றார்கள். அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அது எங்களுக்குப் பெரிய உதவி, இல்லையென்று சொல்லவே மாட்டேன். ஆனால் ஆள் வைத்தால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

அதற்கு முந்தைய வருடம் என் அப்பா தவறினார். தாராபுரம் பக்கம் ஊர். மகனையும் காரில் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். பறைச் சத்தமும் கூட்டமும் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வலிப்பு வந்துவிட்டது. அப்பாவை எடுப்பதற்கு முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டேன். அம்மா இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதையெல்லாம் ஓர் அலுவலகத்தில் சொன்னபோது, "பேசாம ஒரு ஹோம்ல சேத்துருங்க" என்றார்கள். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. என் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. பத்து நாள், தேவைப்பட்டால் சில வாரம் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதற்கு ரெஸ்பைட் கேர் என்று பெயர் என்று மகனுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரியும். இடைக்காலப் பராமரிப்பு என்று தமிழில் சொல்லலாம்.

இது சலுகையாகக் கேட்பதும் இல்லை. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28ஆவது பிரிவில் இந்த உதவி பெயர் சொல்லியே இருக்கிறது. 1999ஆம் வருடத்து நேஷனல் டிரஸ்ட் சட்டமும், குடும்பத்தில் நெருக்கடி வரும்போது தேவைக்கேற்ற சேவை தரும் அமைப்புகளுக்குத் துணை நிற்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான சட்டம் அது. அதன் கீழ் 'சமர்த்' என்று இதற்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மகனுக்கு அதே டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்தபோதுதான் அது தெரிந்தது. அட்டை கைக்கு வந்துவிட்டது. அவனை விட்டுவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி பக்கத்தில் ஓர் இடம் மட்டும் இதுவரை கிடைக்கவில்லை.

பையன் சிறியவனாக இருந்தபோது பகலில் சில மணி நேரம் பயிற்சி மையத்தில் இருப்பான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இலவசக் கல்வி உரிமை 18 வயது வரை. அதற்கப்புறம் அந்த நேரமும் போய்விட்டது. எனக்கு வயது ஏறுகிறது, அவனுக்கு எடை ஏறுகிறது.

அக்கம்பக்கத்தில் கேட்கலாமே என்பார்கள். நம் பக்கத்துச் சனம் உதவாத சனம் இல்லை. ஆனால் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிற குடும்பத்துக்குப் பக்கத்து வீடே ஒரு காடு தாண்டி இருக்கும். அந்த வீட்டிலும் வயசாளிகள் இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள், பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்லலாம். 22 வயதுப் பையனைத் தூக்கிக் குளிக்க வைக்கச் சொல்ல முடியுமா?

தாலுகாவுக்கு ஒரு வீடு போதும். நாலைந்து கட்டில், சக்கர நாற்காலி போகும் கக்கூஸ், ராத்திரியிலும் விழித்திருக்கும் பணியாளர், வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஒரு நர்ஸ். பெண் பிள்ளைகளைப் பெண்கள்தான் பார்க்க வேண்டும், அதில் சமாதானமே கிடையாது. நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் எந்த நேரம் வந்தாலும் கதவு திறக்க வேண்டும். முதலில் ஒரு பகல், அப்புறம் ஒரு ராத்திரி என்று பிள்ளையைப் பழக்கிவிட இடம் கொடுங்கள். ஆபரேஷன் அன்றைக்குப் புது இடத்தில் கொண்டுபோய் இறக்கினால் அவன் சோறு இறங்காமல் கிடப்பான். இடம் மாறினால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வீட்டுக்கே வாரம் நாலு மணி நேரம் பயிற்சி பெற்ற ஒருவரை அனுப்பினால், அந்த அம்மா ரேஷன் கடைக்காவது பதறாமல் போய்வருவாள்.

பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது எங்களையும் கூப்பிடுங்கள். சோற்றை எவ்வளவு மசித்தால் புரை ஏறாது, எந்தப் பக்கம் சாய்த்தால் மூச்சு முட்டாது, எந்தச் சத்தம் வலியால் வருவது, எது சும்மா கூப்பிடுவது, இவையெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். சம்பளம் வேண்டாம், வந்து சொல்லிக் கொடுக்கிறோம்.

டாக்டர் மறுபடியும் தேதி கேட்டிருக்கிறார். மாரியம்மன் நோம்பி கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் உங்களில் ஒருவராவது ஒரு வீட்டைத் திறந்தால், எந்த மாவட்டமானாலும் மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா