காபி மிஷின் வாரண்டி கடல் தாண்டாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் எஸ்பிரெஸ்ஸோ போடுவது பற்றி உங்கள் வாரப் பக்கத்தில் வந்த குறிப்பில், கொட்டை அரைக்கும் மிஷினை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. சென்னை வாசகர்களுக்கு அது சரியாக இருக்கலாம். யாங்கோனில் அதை நம்பினால் பணம்தான் வீண்.

புதியதை வாங்கச் சொல்பவர்கள் முதலில் காட்டுவது வாரண்டிச் சீட்டை. இத்தாலிய மிஷினைப் பாங்காக்கிலோ சிங்கப்பூரிலோ வாங்கி இங்கே கொண்டுவந்த பிறகு பழுதானால், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காபிக் கடைகளில் ஓடும் இத்தாலிய அரவை மிஷினான மாட்சர் சூப்பர் ஜாலியின் எடை ஏறத்தாழ 14 கிலோ. திருப்பி அனுப்பும் செலவில் கொட்டையை அரைக்கும் புதுத் தட்டு ஒரு ஜோடி வாங்கிவிடலாம். இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதில் எது தேயும், தேய்ந்தால் மாற்று கிடைக்குமா?

தேய்வது அரவைத் தட்டு. சூப்பர் ஜாலியின் 64 மில்லிமீட்டர் தட்டு சுமார் 400 கிலோ அரைக்கும் என்பது கணக்கு. வீட்டில் நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு 18 கிராம் என்றால் ஆண்டுக்கு 13 கிலோ. ஒரு ஜோடித் தட்டு 30 வருஷம் வரும். நாளுக்கு 3 கிலோ அரைக்கும் கடையிலோ அதே தட்டு நாலரை மாதத்தில் முடிந்துவிடும். ஆகவே கடையில் உழைத்த பழைய மிஷினின் தட்டு மழுங்கித்தான் இருக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். உடம்பையும் மோட்டாரையும் விலைக்கு வாங்குகிறோம், தட்டைத் தூக்கிப் போடுகிறோம். புதுத் தட்டின் விலையைச் சேர்த்த பிறகும் புது மிஷினின் பாதி விலையைத் தாண்டாவிட்டால் வாங்கலாம் என்பது என் கணக்கு. 64 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துத் தட்டு வாங்கக் கூடாது. திருகுத் துளைகளின் இடைவெளியும் தட்டின் உயரமும் மாடலுக்கு மாடல் மாறும்.

இதற்கு நேர்மாறு, வீட்டு உபயோகத்துக்கென்று வரும் மலிவான மின் மிஷின்கள். பலவற்றில் பிளாஸ்டிக் பல்சக்கரமும் சிறிய சர்க்யூட் பலகையும் இருக்கும். பல் போனாலும் பலகை போனாலும் இங்கே ஆள் இல்லை. அந்த ரகத்தைப் பழையதாக எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொட வேண்டாம். கடை மிஷினின் மோட்டாரோ சாதாரண ரகம். கருகினாலும் காயில் கட்டும் கடையில் கட்டிவிடுவார்கள். அதனால் டிஜிட்டல் டைமர் வைத்ததைவிட வெறும் சுவிட்ச் வைத்த பழைய மாடலே நமக்கு நல்லது.

வாங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அரவை அளவை மாற்றத் திருகும் மேல் வளையத்தைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். வளையத்தின் மரை நசுங்கியிருந்தால் அந்த மிஷின் வேண்டாம், அதைச் சரிசெய்வது கடினம். மேல் தட்டைத் தாங்கும் ஸ்பிரிங் சூப்பர் ஜாலியில் மூன்று, எண்ணிப் பாருங்கள். கீழ்த் தட்டைக் கையால் சுற்றும்போது கரகரவென்றால் பேரிங் போய்விட்டது, மாற்றலாம். தண்டு பக்கவாட்டில் ஆடினால் விட்டுவிடுங்கள். சுவிட்ச் போட்டதும் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கண்டென்சர்தான், சின்னச் செலவு. ஆனால் அதைக் காட்டி விலையை நன்றாகக் குறைக்கலாம்!

பெயர்த்தகட்டைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். கடைகளுக்கு மூன்று பேஸ் மோட்டாரோடும் மிஷின் வரும். 380 அல்லது 400 வோல்ட் என்றிருந்தால் வீட்டு இணைப்பில் நேரடியாக ஓடாது. இன்னொன்று ஜப்பான் பழைய சரக்கு. அது 100 வோல்ட். நம் 230-இல் நேரே செருகினால் காயில் கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 350 வாட் மோட்டாருக்கு 1000 விஏ-வுக்குக் குறையாமல், ஏனென்றால் கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மேற்கு ஜப்பானின் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த மோட்டார் நம் 50-இல் மெதுவாகச் சுற்றி அதிகம் சூடாகும். இத்தனைக்கும் மேலே, அங்கே புழக்கத்தில் உள்ள காலிட்டா நைஸ் கட், ஃபூஜி ராயல் அரவை மிஷின்கள் டிரிப் காபிக்கு, அதாவது வெந்நீர் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக வடிக்கும் காபிக்கானவை. அருமையான மிஷின்கள்தான், எஸ்பிரெஸ்ஸோவுக்கு வேண்டிய நைசுக்கு ஆகாது.

சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் கடை மிஷின் மோட்டாரின் இழுவிசை சுமார் 60 சதவீதமாகிவிடும். வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப அது குறைவதே காரணம். தட்டுகளுக்கிடையே கொட்டை இருக்கும்போது சுவிட்ச் போட்டால் மோட்டார் சிக்கி உறுமும், அப்படியே விட்டால் கருகும். முதலில் காலியாக ஓடவிட்டு, வேகம் பிடித்த பிறகு 18 கிராமைக் கொட்டுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சுத்த சைன் அலை தரும் இன்வெர்ட்டர் வேண்டும்.

புதுத் தட்டு போடும்போது அது உட்காரும் இடத்தை நன்றாகத் துடைக்க வேண்டும். ஒரு துளி காபித் தூள் அடியில் இருந்தாலும் தட்டு சாயும், அரவை ஒரு பக்கம் பொடி, ஒரு பக்கம் நொய். மூன்று திருகுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். வளையத்தைத் திருப்பிப் போடும்போது முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, டக்கென்று ஒரு இறக்கம் தெரிந்த பின் நேராகச் சுற்றுங்கள், மரை பிசகாது. காலியாக ஓடும்போது மெல்ல நெருக்கிக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் தட்டுகள் உரசிக் கீச்சிடும். அங்கிருந்து சற்றுத் தளர்த்தித் தொடங்குங்கள். 18 கிராம் தூளில் 36 கிராம் காபி 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும். 15 விநாடியில் இறங்கினால் இன்னும் நெருக்கவும், மிஷின் ஓடும்போது மட்டும். புதுத் தட்டு முதல் இரண்டு மூன்று கிலோ வரை நிலையாக நிற்காது. மழைக்காலத்திலும் அளவு ஆடும். அதனால்தான் கிளிக் கிளிக்கென்று பெரிய படிகளில் நகரும் ரகத்தைவிட, படியில்லாமல் நகரும் ரகம் எஸ்பிரெஸ்ஸோவுக்கு மேல்.

புதியதாகவே வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை நல்ல கைச்சுற்று மிஷின். கரண்டே வேண்டாம், கட்டானாலும் அரைக்கலாம். 48 மில்லிமீட்டர் கூம்புத் தட்டு, கிளிக்குக்கு 8 முதல் 16 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகரும் ரகமாகப் பாருங்கள். 18 கிராம் அரைக்க ஒரு நிமிஷம் போல் ஆகும். வீட்டில் நாலு பேர் வரிசையில் நின்றால் கை வலிக்கும், அது உண்மை.

உங்கள் எஸ்பிரெஸ்ஸோ மிஷினோடு வந்த வடிகூடையின் அடியில் ஒரே ஒரு ஊசித்துளை இருந்தால் அது அழுத்தக் கூடை. அதற்கு இத்தனை நைசு தேவையில்லை, மிஷின் தேடி அலையவும் வேண்டாம்.

கடைசியாக, மிக்சிக்குப் போடுவதுபோல் இதில் அரிசி போட்டுச் சுத்தம் செய்ய வேண்டாம். பச்சரிசி காபிக் கொட்டையைவிடக் கடினம், மோட்டாரைச் சிக்க வைக்கும், மாவும் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த பிரஷ் போதும். தட்டைத் தண்ணீரில் கழுவினால் நம் ஊர் ஈரத்தில் மறுநாளே துரு. சிக்கரித் துண்டுகளையும் கொட்டையோடு சேர்த்து அரைக்காதீர்கள். ஈரம் இழுத்துப் பல்லில் பிசினாக ஒட்டும். இங்கே கிடைக்கும் மேமியோ மலைக் காபிக் கொட்டையைத் தனியாக அரைத்து, சிக்கரித் தூளைப் பிறகு கலந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காபி மிஷின் பழுதுபார்க்கும் ஒரு வாசகர்,
யாங்கோன்.