கோட்டில் இருக்கும் ரத்தம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘நெல்சனின் கோட்டைப் பார்த்தேன்’ என்ற தலைப்பைக் கண்டதும் ஏதோ கோட்டை கொத்தளம் என்று நினைத்துத்தான் பக்கத்தைப் புரட்டினேன். படத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, இது பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் போட்டிருந்த கோட்டு, என் தொழில் சமாச்சாரம். நாற்பது வருஷம் தையல் மெஷினே கதி என்று இருந்தவன் நான். லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

1805 அக்டோபர் 21, பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களோடு நடந்த டிரஃபால்கர் கடற்சண்டையன்று நெல்சன் வேண்டுமென்றே விழா உடுப்பு மாட்டிக்கொண்டு, பதக்கம் மினுங்க நின்றார், அந்த வீம்பே அவர் உயிரைக் குடித்தது என்கிறார் கட்டுரையாளர். அது விழா உடுப்பு இல்லை. தினமும் போடும் நீலக் கம்பளிக் கோட்டுதான். மார்பில் இருக்கும் நான்கு நட்சத்திரங்களும் குத்திக் கழற்றுகிற பதக்கங்கள் அல்ல. ஜிகினாவும் வெள்ளிச் சரிகையும் வைத்துச் செய்து, துணியோடு துணியாகத் தைத்தவை. கழற்ற வேண்டுமானால் உட்கார்ந்து தையலைப் பிரிக்க வேண்டும். பீரங்கி முழங்கும்போது யார் பிரிப்பது? வேறு கோட்டுக்கு மாறியிருக்கலாமே என்று கேட்டால் அது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது ரத்தம். கோட்டின் இடது கையிலும் பின்வாலிலும் இருக்கும் கறையை ‘மாவீரனின் குருதி’ என்று உருகியிருக்கிறார். அது நெல்சனின் செயலாளர் ஜான் ஸ்காட்டின் ரத்தம். சற்று முன்புதான் பீரங்கிக் குண்டு பட்டு ஸ்காட் நெல்சனின் கப்பல் மேல்தளத்தில் செத்து விழுந்தார். பிறகு ‘ரெடூட்டபிள்’ என்ற பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரத்து மேலிருந்து சுட்ட குண்டு பட்டு நெல்சன் விழுந்ததும் அதே இடத்தில். கப்பல் மருத்துவர் பீட்டியே இதை எழுதி வைத்திருக்கிறார். நெல்சனுக்கு உரியது இடது தோளில் உள்ள ஓட்டை. தோள்பட்டைச் சரிகையைப் பிய்த்துக்கொண்டே குண்டு உள்ளே போயிருக்கிறது. வின்ட்சர் கோட்டையில் (இது நிஜக் கோட்டை) இருக்கும் அந்தக் குண்டில் சரிகைத் துணுக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது.

என் கண் போய் நின்றது கோட்டின் வலது கையில். 1797இல் டெனரீஃப் என்ற ஸ்பானியத் தீவில் நடந்த சண்டையில் வலது கையை இழந்தவர் நெல்சன். வெறும் கோட்டுக்கை ஆடாமல் இருக்க, அதன் முனையில் சின்னதாக ஒரு கறுப்புப் பட்டு லூப் வைத்திருக்கிறார்கள். அதை மார்புப் பட்டனில் மாட்டிக்கொள்ளலாம். ஒற்றைக் கையால் மாட்ட வேண்டும் என்பதை யோசித்து வைத்த லூப். அந்தத் தையற்காரனைக் கும்பிடத் தோன்றியது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கோட்டு நெல்சனின் காதலி எமா ஹாமில்டனிடம் போய், கடனுக்காக அவர் கையைவிட்டும் போனது. 1845இல் விக்டோரியா மகாராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் 150 பவுன் கொடுத்து வாங்கி கிரீனிச்சுக்கு அளித்தார்.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது படத்துக்குக் கீழே ஜான் ஸ்காட் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையற்காரர், கரூர்