"வாய் பேச முடியாத"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு வார்த்தை கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காணாம போனவங்க செய்தி போடுறப்ப "வாய் பேச முடியாத வாலிபர், நீல சட்டை அணிந்திருந்தார்"னு ரெண்டு வரில முடிச்சிடுறீங்க. சட்டை கலர் சரி. அவரு பயந்தா எப்படி சத்தம் போடுவாரு, சந்தோஷமா இருந்தா எப்படின்னு வீட்டு ஆளுங்ககிட்ட கேட்டு இன்னொரு வரி சேர்த்தா தேடுறவங்களுக்கு எவ்ளோ உதவும்.

என் தம்பிக்கு 24 வயசு, ஆட்டிசம். வார்த்தைன்னு பார்த்தா மூணோ நாலோ தான், ஆனா எங்க வீடு ஒரு நாளும் அமைதியா இருந்ததில்ல. "ம்மா"ன்னா அம்மா இல்ல, தண்ணி. மூக்கால "ங்ஙே"ன்னு இழுத்து கடைசில ஏத்துனா வெளிய போலாம்னு அர்த்தம், அதையே இறக்குனா என்னைய விடுங்கன்னு அர்த்தம். பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சா கீச்சுனு ஒரு சத்தம் வரும் பாருங்க, மொத்த பஸ்ஸும் திரும்பி பாக்கும், யாராவது ஒரு அம்மா "ஏம்மா புள்ளைய அழ விடுற"ன்னு என்னைய திட்டும். அவன் சிரிச்சிட்டு இருக்கான்மான்னு சொன்னா நம்பாது. "ஊமை கண்ட கனவு"ன்னு சொல்லுவாங்க, வெளிய சொல்லவே முடியாததாம், எங்க வீட்ல அது காலைல ஆறு மணிக்கே ஆரம்பிச்சிடும்.

போன வருஷம் ஒரு ராத்திரி திடீர்னு காதுல அடிச்சிக்கிட்டு, தொண்டைக்குள்ளயே அமுக்கின மாதிரி விட்டு விட்டு ஒரு சத்தம். முன்னாடி ஒரு தடவ காதுல சீழ் வெச்சப்பவும் அச்சு அசலா இதே சத்தம் தான். ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம். நான் சொல்ல சொல்ல காதுல வாங்காம "இந்த மாதிரி பசங்க கத்துவாங்கம்மா, வயலன்ட்டா இருக்கான்"னு தூங்குறதுக்கு ஊசி போட்டுட்டாங்க, மறுநாள் வேற டாக்டர் லைட் அடிச்சி பார்த்தா உள்ள சீழ். ஒரு ராத்திரி முழுக்க வலியோட தூங்க வெச்சிருக்கோம் அவன.

இது ஏதோ அக்கா பாசத்துல சொல்றதுன்னு நெனைக்க வேணாம். அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்து ஆளுங்க இதையே ஆராய்ச்சியா பண்ணி 2023ல வெளியிட்டிருக்காங்க. வார்த்தை கம்மியா இருக்குற 8 பேரு, சட்டையில ஒரு குட்டி ரெக்கார்டர், வீட்டு ஆளுங்க கையில போன்ல ஒரு ஆப். சத்தம் வர்றப்பவே இது சந்தோஷம், இது எரிச்சல், இது எதையோ கேக்குறான், இது தனக்குத்தானே பேசிக்கிறான்னு அவங்க குறிக்கணும், அப்படி 7,000 சத்தத்துக்கு மேல சேர்த்திருக்காங்க. அர்த்தம் சொல்ல மிஷினையோ ப்ரொஃபசரையோ உக்கார வைக்கல பாருங்க, கூடவே இருக்குறவங்களத்தான் கேட்டாங்க. ஒவ்வொருத்தர் சத்தமும் ஒவ்வொரு மாதிரி, பொதுவா ஒரு அகராதி போட்டு எல்லாருக்கும் கொடுத்துட முடியாது.

படத்த தொட்டா பேசுற ஆவாஸ் ஆப் நம்ம சென்னையில உருவானது, தமிழ்லயும் இருக்கு, பழகுனவங்களுக்கு ரொம்ப நல்லது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு காது வலிக்குறப்ப எவனும் அந்த ஆப்ப தேட மாட்டான், சத்தம் தான் முதல்ல வரும்.

மாற்றுத்திறனாளிகளோட அடையாள அட்டையில பேரு இருக்கு, போட்டோ இருக்கு, எத்தன பர்சன்ட்னு இருக்கு. இவனுக்கு வலிச்சா எப்படி சொல்லுவான்னு எழுத இடம் இல்ல. அத மாத்த நாளாகும்னா ஆஸ்பத்திரி ஓபி சீட்டுலயாவது ஒரு வரி விடுங்க, கூட வந்தவங்கள கேட்டு டூட்டி நர்ஸ் எழுதிக்கட்டும். காசு செலவில்லாத வேலை. எங்களுக்கும் எல்லாம் தெரிஞ்சிடாது, ஒரு தடவ பசின்னு நெனைச்சி தட்டுல சோறு போட்டு கெஞ்சிட்டே இருந்தேன், கடைசில பார்த்தா பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் நிக்கணும்னு கேட்டிருக்கான்.

நாங்களே ஒரு நோட்டு போட்டிருக்கோம், இது வரைக்கும் 14 சத்தம் ஏறியிருக்கு. போன மாசத்துல இருந்து புதுசா ஒண்ணு, சாயங்காலம் விளக்கு ஏத்துற நேரத்துல மட்டும் வருது. என்னன்னு இன்னும் புடிபடல.

இப்படிக்கு,
ஒரு அக்கா, கும்பகோணம்