கேள்வியை மாற்றிப் போட்டுக் கேளுங்கள்

எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். வீடு வீடாகக் கொடுத்த படிவத்தில் பாதிக்கு மேல் 'வேண்டாம்' என்று வந்ததாம். அதில் ஒன்று என்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

'உங்கள் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறதா?' இதுதான் முதல் கேள்வி. நிமிர்ந்து பார்த்தேன். மகள் போனில் யாரோடோ மொரிஷியஸின் பேச்சுமொழியான கிரியோலில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்று எழுதினேன். 'வகுப்பு தொடர வேண்டுமா?' என்று அடுத்த கேள்வி. அந்த எரிச்சலிலேயே கை 'வேண்டாம்' என்று எழுதிவிட்டது.

மறுநாள் ரோஸ் ஹில்லில் இருக்கும் தங்கையிடம் இதே இரண்டையும் கேட்டேன், பேச்சுவாக்கில் வகுப்பை முதலில் வைத்து. "தொடரத்தான் வேண்டும்" என்றாள். சரி, பையன் தமிழ் பேசுகிறானா? "ஏன், பாட்டியிடம் சோறு போடு என்று கேட்கிறானே!" என் மகளும்தான் அப்படிக் கேட்பாள். படிவத்தைப் பார்த்த நேரத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

1997-இல் அமெரிக்காவில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், அதிபர் கிளிண்டன் நேர்மையானவரா, துணை அதிபர் அல் கோர் நேர்மையானவரா என்று மக்களிடம் கேட்டது. கிளிண்டனைப் பற்றி முதலில் கேட்டால் 50 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள், கோரைப் பற்றிக் கேட்ட பிறகு கேட்டால் 57. கோருக்கு முதலில் 68, பின்னால் 60. இதை விளக்க ஜெரோம் பூஸ்மையர் போன்ற உளவியலாளர்கள், அணுவுக்குள் நடப்பதைக் கணக்கிட உதவும் குவாண்டம் கணிதத்தை எடுத்தார்கள். மூளைக்குள் அணு விளையாட்டு நடக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை, கணக்கை மட்டும் கடன் வாங்கினார்கள். மனநிலை ஓர் அம்பு என்று வையுங்கள். முதல் கேள்வி அதைத் தன் பக்கம் திருப்பிவிடும். அப்புறம் வரும் கேள்வி, திரும்பிய அம்பிடம்தான் கேட்கப்படுகிறது. ஆனால் எந்த வரிசையில் கேட்டாலும், இரண்டுக்கும் 'ஆம்' என்றவர்களையும் இரண்டுக்கும் 'இல்லை' என்றவர்களையும் சேர்த்துக் கூட்டினால் அந்த விகிதம் மாறக்கூடாது என்கிறது அதே கணக்கு. 2014-இல் 70 தேசியக் கருத்துக்கணிப்புகளில் வைத்துப் பார்த்தார்கள், நன்றாகவே பொருந்தியது.

வரிசையின் அருமை மொரிஷியஸ் தமிழருக்குத் தெரியாததா? 1998-இல் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இந்திக்குப் பின்னால் போனதற்குக் கொதித்தெழுந்து, நோட்டையே திரும்பப் பெற வைத்தவர்கள் நாம்.

சீட்டுக் குலுக்கிப் பாதி வீடுகளுக்குப் பழைய வரிசையிலும், மீதி வீடுகளுக்கு மாற்றியும் படிவம் அனுப்புங்கள். காகிதச் செலவை நான் தருகிறேன். அதுவரை ஆசிரியரிடமிருந்து வகுப்பறைச் சாவியை வாங்காதீர்கள். என் பழைய படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம்.