குரல் கம்மலைப் பரிசோதிக்கப் பந்தலூரில் மாதம் ஒரு முகாம் வேண்டி மனு

அனுப்புநர்:
தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், உதகமண்டலம்.

பொருள்: குரல்வளைக் கட்டிகளைத் தொடக்கத்திலேயே கண்டறிய ஏற்பாடு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அப்பா தோட்டத்தில் மேஸ்திரி. இலை நிறுக்கும் நேரத்தில் அவர் ஒரு குரல் கொடுத்தால், மேல்காட்டில் கொழுந்து எடுப்பவர்கள் வரை கேட்கும். போன ஆடி மழையில் அந்தக் குரல் கம்மியது. சாரல், பனி, சளி என்றே நினைத்தோம். மிளகுக் கஷாயம் கொடுத்தோம், தைலம் தடவினோம். தை பிறந்தும் குரல் திறக்கவில்லை. பீடியும் நிற்கவில்லை. கடைசியில் கோவையில் குழாய் விட்டுப் பார்த்தபோது குரல்நாணில் புற்றுநோய், அதுவும் முற்றிய நிலை. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறார். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் தட்டைத் தட்டுகிறார்.

அதே சமயம் பக்கத்து வீட்டு டீச்சருக்கும் குரல் கம்மியது. அவர் உடனே போய்ப் பார்த்தார். வகுப்பில் ஓயாமல் உரக்கப் பேசியதால் வந்த சின்ன முடிச்சுகள்தான், புற்று இல்லை. குரலுக்கு ஓய்வு, அப்புறம் பேச்சுப் பயிற்சி, அவ்வளவில் சரியானது. வைரஸால் குரல்வளையில் வரும் மருக்கள் குழந்தைகளுக்குக்கூட உண்டு. வயிற்று அமிலம் மேலேறுவதாலும் குரல்வளையில் புண்கட்டி வரும். புற்றுக்குப் பெரிய காரணம் புகை. கூடவே மதுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. ஆனால் வெளியே கேட்பது எல்லாவற்றுக்கும் அதே கம்மல்தான். உள்ளே பார்க்காமல் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. குரல்நாண் புற்றை ஆரம்பத்தில் பிடித்தால் கதிர்வீச்சிலேயே பெரும்பாலும் குணமாகும், குரலும் தங்கும். இதை நாங்கள் தெரிந்துகொண்டது அறுவைக்குப் பிறகுதான்.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீடு வீடாக வரும் அக்காமார், "3 வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருக்கிறதா?" என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். ஆம் என்பவர்களைப் பார்க்க, குரல்வளைக்குள் பார்க்கும் கருவியோடு காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் மாதம் ஒருமுறை பந்தலூர் அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. கூடலூர் போய், அங்கிருந்து மலையேறி ஊட்டி போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அதற்குப் பயந்தே பலர் கஷாயத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அடுத்த ஆடி மழைக்கு முன் இதைத் தொடங்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்