ஆண்டறிக்கை: கனகராயன் ஆற்றில் இந்தப் பருவம்

தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அவர் சந்தா நிலுவை என்ற பகுதிக்கு வரும்போது யாரும் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போக வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். நான் எங்கள் சங்கம் துடுப்பு வள்ளத்தில் பயணம் போகும் வன்னியின் கனகராயன் ஆற்றைப் பற்றியும், இன்று கூட்டம் முடிவெடுக்க வேண்டிய ஒரு விடயத்தைப் பற்றியும் மட்டும் பேசுகிறேன்.

அந்த விடயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளிநாட்டில் வாழும் நலன்விரும்பி ஒருவர் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பெரிய படகொன்றை எங்களுக்கு வாங்கித் தர முன்வந்திருக்கிறார். நல்ல மனம், நன்றி சொல்லிக் கடிதமும் அனுப்பியாயிற்று. ஆனால் படகை ஏற்பதா என்பதில் நிர்வாகசபைக்குள் ஒரே கருத்து இல்லை. என் கருத்து, வேண்டாம் என்பது. ஏன் என்பது இந்த ஆண்டு நடந்ததைச் சொல்லும்போதே விளங்கும்.

வழக்கம்போல் தைப்பொங்கலுக்குப் பிறகுதான் வள்ளங்களை இறக்கினோம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஆறு கலங்கி, மரத்தையும் வேரோடு இழுத்துக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரில் வள்ளம் விடுகிறவர் வீட்டாருக்கு அநியாயம் செய்கிறார். ஆடி, ஆவணியில் அதே ஆற்றின் நடுவே சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாம். இடையில் கிடைப்பது தை, மாசி, பங்குனியின் முற்பகுதி. வெள்ளம் வடிந்து, தண்ணீர் தெளிந்து, மணற்றிட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும் காலம். கனகராயன்குளத்துக்குக் கீழே இறங்கி, கண்டி வீதிக்குக் கிழக்காகக் காட்டுக்குள்ளால் வடக்கே போகும் ஆற்றோடு இரணைமடுக் குளத்தின் அலைகரை வரை போவதே எங்கள் வழி. மோட்டார் சைக்கிளில் ஒரு காலைப்பொழுது காணும் தூரத்துக்கு நாங்கள் இரவுகள் தங்கித் தங்கிப் போகிறோம். இதில் என்ன பயன் என்று கேட்கிறவர்கள் ஒருமுறை வந்து வள்ளத்தின் முன்னணியத்தில் இருந்து பார்க்கலாம்.

புதிய அங்கத்தவர்களுக்காக வள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம். எங்களுடையவை கனடாப் பாணி: பதினாறு அடி நீளம், இரு முனையும் கூர், எஞ்சின் இல்லை, பாய் இல்லை. கனடாவின் ஆதிக்குடிகள் பேர்ச் மரப்பட்டையால் கட்டிய வள்ளத்தின் உருவம்தான் இது. நாங்கள் மீன்பிடி வள்ளம் வார்க்கும் பட்டறையில் பைபரில் வார்ப்பித்தோம். இரண்டு பேர் வலிப்பது. முன்னால் இருப்பவர் வேகத்தைப் பிடிப்பார், பின்னால் இருப்பவர் திசையைப் பார்ப்பார். துடுப்பை இழுத்து முடிக்கும் இடத்தில் அலகைச் சற்று வெளியே திருப்பித் தள்ளினால் வள்ளம் நேராக ஓடும். அந்தக் கைப்பழக்கம் வரும்வரை புருசன் பெண்சாதியை ஒரே வள்ளத்தில் ஏற்றுவதில்லை என்று மகளிர் பிரிவு எடுத்த முடிவு நல்ல முடிவு. பாரத்தை நடுவில், அடியோடு வைக்க வேண்டும். ஆட்களையும் சாமானையும் ஏற்றினாலும் அரையடித் தண்ணீர் போதும்.

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த எங்கள் அங்கத்தவர் ஒருவர் மாசியில் எங்களோடு வந்தார். அங்கே 1893 இல் உருவாக்கிய அல்கொன்குயின் பூங்காவில் வள்ளப் பாதைகள் மட்டும் 2000 கிலோமீற்றருக்கு மேல் இருக்கின்றனவாம். ஒரு ஏரி முடிந்தால் வள்ளத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் வைத்து அடுத்த ஏரிக்கு நடப்பார்களாம். நாங்களும் விழுந்து கிடக்கும் மருதமரங்களைத் தாண்ட வள்ளத்தைத் தூக்கித்தான் கடத்துகிறோம். ஆனால் எங்களுக்கு அதற்கு நாலு பேரும் நிறையக் கத்தலும் வேண்டும். அங்கே கரடிக்குப் பயந்து சாப்பாட்டுப் பையை மரத்தில் கட்டித் தூக்குவது வழக்கம் என்றார். இங்கேயும் கரடி உண்டுதான், ஆனால் பையைத் தூக்க வைத்தது மந்தி.

இந்தப் பயணத்தின் முதல் சுகம் பாரம் தோளில் இல்லாதது. காட்டுக்குள் நடந்து போகிறவர் தேங்காயை எண்ணித்தான் எடுப்பார். வள்ளத்தில் குழம்புச் சட்டி, திருவலை, அரிசி, பாய், சாய்மனைக் கதிரைகூட வந்தது. அதனால்தான் எழுபது தாண்டிய ஐயாமாரும் எங்களோடு வர முடிகிறது.

அடுத்த சுகம் சத்தமில்லாமை. துடுப்பு நனையும் ஒலி தவிர வேறெதுவும் இல்லாததால் மீன்கொத்தி பறக்காமல் இருந்து பார்க்கும். நீர்க்காகம் செட்டையை விரித்தபடியே காயும். வளைவொன்றில் மரைக்கூட்டம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் வலிப்பதை நிறுத்தியதும் வள்ளங்கள் தாமாக அவற்றைக் கடந்து போயின. ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குடித்தது. இயந்திரப் படகில் போயிருந்தால் அங்கே ஈர மண்ணில் குளம்புத் தடங்களைத்தான் பார்த்திருப்போம்.

பொழுது சாயும்போது ஆறுமணிக்குருவி கூப்பிடும். இமயத்தின் அடிவாரப் பக்கம் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தைக் கழிக்க இங்கே வரும் குருவி அது. மணிக்கூடு கட்டாத எங்கள் பிள்ளைகள் அதன் சத்தத்தைக் கேட்டே விறகு பொறுக்கத் தொடங்கினார்கள். பிறகு அடுப்பு மூன்று கல்லில் ஏறும். ஆற்றில் தூண்டில் போட்டுப் பிடித்த யப்பான் மீனும் விராலும் பழப்புளி கரைத்துக் குழம்பாகும். காலையில் மருதமர வேரில் இருந்து ரொட்டியும் சம்பலும், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியும். தைப்பனி தண்ணீருக்கு மேல் முழங்கால் உயரத்தில் நிற்கும். வெயில் ஏறும்வரை யாருக்கும் வள்ளத்தைத் தள்ள மனம் வராது. சமையற் குழுவுக்கு இந்தச் சபையின் நன்றி. உப்பு கூடிய நாளைப் பற்றி இங்கே பேசமாட்டேன்.

கூடாரம் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதலில் எல்லாருக்கும் தறப்பாள் கட்டுவது என்றுதான் திட்டம். மூத்த அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, தறப்பாளுக்கை கிடந்தது எங்களுக்குக் காணாதே? இனிக் காசும் குடுத்துக் கிடக்கோணுமோ?" என்று கேட்டார். 2008, 2009 போர்க்காலத்தில் இந்த மண்ணில் தறப்பாளுக்குக் கீழே கிடக்காத குடும்பம் எங்கள் சங்கத்தில் அனேகமாக இல்லை. அந்த வெக்கையும் மணமும் தெரியாத இளையவர்கள் சிரித்தார்கள், நாங்கள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மரத்துக்கு மரம் கயிறு கட்டி நுளம்புவலை தொங்கவிட்டு, கீழே படங்கு விரித்துப் படுக்கிறோம். மழை இருட்டினால் மட்டும் மேலே ஏதாவது கட்டுவோம். அந்த அக்காவும் வந்தார். காட்டில் படுப்பது எங்கள் சனத்துக்குப் புதிதில்லைத்தானே: மடுத் திருவிழாவுக்கு மரநிழலில் வாரக்கணக்காகக் கிடந்தவர்கள், வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வண்டில் கட்டிப் போய்க் கண்ணகி அம்மன் வளவில் விடியவிடிய இருந்தவர்கள். அவர் இரவு முழுக்கக் கதைத்தது அந்த வண்டில் பயணங்களைப் பற்றித்தான். நுளம்புக்குப் பயந்தவர்களுக்கு ஒரு ஆறுதல்: 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று அறிவித்துவிட்டது. வலை இருந்தும் கடித்தது, அது வேறு கதை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை விதிகள் பழையவையே, தளர்த்தும் எண்ணம் இல்லை. கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை இருந்த பக்கமோ, கிராம அலுவலரும் பட்டிக்காரரும் "போகலாம்" என்று சொல்லாத கரையோ, அங்கே கால் வைப்பதில்லை. வெடிபொருளை வெள்ளம் இடம் மாற்றும் என்பதால் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கேட்கிறோம். இருட்டிய பிறகு ஆற்றில் குளிப்பில்லை. மீன் கழுவுவது தங்குமிடத்திலிருந்து தள்ளியே. முதலைக்கு மணம் காட்டித் தரக்கூடாது. யானை இறங்கும் துறையில் அடுப்பு மூட்டுவதில்லை. கிளைகளில் வெள்ளக் குப்பை தொங்கும் உயரத்தைப் பார்த்து, அதற்கு மேலேதான் படுக்கை. இரவில் தண்ணீர் ஓரத்தில் ஒரு தடியை ஊன்றி, எழும்புகிறவர் எல்லாரும் அதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு மேலே நட்சத்திரம் தெரியும்போதே வவுனியாப் பக்கத்து மழை ஆற்றை ஏற்றிவிடும். காலில் காயம் உள்ளவர் சேற்றுத் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். வயலுக்கு இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை பற்றிச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே கேளுங்கள். வனத்துக்குள் தங்க அனுமதி எடுப்பதில் இந்த ஆண்டு அலைச்சல் இருந்தது, எடுத்தோம், அவ்வளவுதான்.

இரணைமடுவுக்குக் கீழே, கண்டாவளைப் பக்கம் இறங்கிச் சுண்டிக்குளம் வரை போகலாமே என்று இளைஞர் பிரிவு கேட்டிருந்தது. 1938 இலிருந்து பறவைகள் சரணாலயமாகவும் 2015 இலிருந்து தேசிய பூங்காவாகவும் இருக்கும் இடம். பூநாரை பார்க்க யாருக்கு ஆசை இல்லை? ஆனால் குளம் 36 அடி நிறைந்து நிற்கும்போது வான்கதவு திறந்தால் கீழே என்ன நடக்கும் என்பதை 2018 மார்கழியில் அந்த ஊர்ச்சனம் வீட்டுக் கூரையில் இருந்து பார்த்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் நாள் கேட்டு, கதவுகள் மூடிய பின் மட்டும் பகல் பயணமாகப் போகலாம் என்பது என் பரிந்துரை.

மனம் நொந்த விடயமும் ஒன்று உண்டு. கடந்த ஆண்டு நாங்கள் படுத்த மணற்றிட்டி ஒன்று இந்த ஆண்டு இல்லை. ஆறு கொண்டுபோகவில்லை, டிப்பர் கொண்டுபோனது. அள்ளிய இடத்தில் ஆள் மூழ்கும் மடு, கரையில் வேர் வெளியே தெரிய நிற்கும் மருது. அடுத்த மாரிக்கு அந்த மரமும் ஆற்றுக்குள் வரும், கரையும் கூடவே வரும். படங்களோடு எழுத்தில் கொடுத்திருக்கிறோம்; பதிலுக்குக் காத்திருக்கிறோம். கமக்காரர் அமைப்பும் நன்னீர் மீனவர் சங்கமும் எங்களோடு கையெழுத்து வைத்தன. மீனவர் வலைக்கு மேலால் எங்கள் வள்ளம் ஒருமுறைகூடப் போகவில்லை என்பதை அவர்களே சொன்னார்கள்.

இனிப் படகு. அதற்கு இரண்டடித் தண்ணீராவது வேண்டும். எங்கள் ஆற்றில் மாசி பிறந்தால் அது மடுக்களில் மட்டும்தான் இருக்கும். மணலிலும் வேரிலும் இயந்திரத்தின் விசிறி அடிபடும். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு எரிபொருள் செலவை நான் விளக்கத் தேவையில்லை. குளத்துக்குள் மட்டும் ஓட்டலாம் என்றால், அங்கே வலைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சத்தத்தோடு போய் நாங்கள் பார்க்கப் போவது என்ன? விரைவில் போய்ச் சேருகிற இடம் இரணைமடு அலைகரை என்றால், அங்கே பேருந்தும் ஓட்டோவும் பிடித்தே போய்விடலாம்.

ஆகவே நலன்விரும்பியிடம், அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் பெற்று, பிள்ளைகள் அளவுக்கு உயிர்காப்பு அங்கிகளும் இன்னொரு கனடாப் பாணி வள்ளமும் எடுக்க அனுமதி கேட்பது என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்புகிறவர் கையை உயர்த்தலாம். எதிர்க்கிறவரும் உயர்த்தலாம், எண்ணுவது பொருளாளர்.

பழைய வள்ளம் ஒன்றின் அடி மருதவேரில் உராய்ந்து பைபர் தெரிகிறது. வார்ப்பு வேலை பங்குனி கடைசி ஞாயிறு, சங்கக் கொட்டிலில். துடுப்புகளுக்கு வார்னிஷும் அன்றே. பழைய உடுப்பு போட்டு வாருங்கள், மத்தியானச் சாப்பாடு சங்கத்தினது.

நன்றி.

செயலாளர்