வாட்டுக்கு முன் ஓமைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கும்போது வீட்டுக்குப் புது ஸ்பீக்கர் வாங்குவோர் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்பதுதான். அதற்கு முன் ஸ்பீக்கரைத் திருப்பி, எத்தனை ஓம் (மின்னோட்டத்தை ஸ்பீக்கர் தடுக்கும் அளவு) என்று பார்க்க வேண்டும். ஒலிக் குமிழின் அதே நிலையில் 8 ஓம் ஸ்பீக்கரைவிட 4 ஓம் ஸ்பீக்கர் இரு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் "6 முதல் 16 ஓம்" என்று அச்சிட்டிருந்தால் அதில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. கூடத்துக்கு ஒரு ஜோடி, படுக்கையறைக்கு ஒரு ஜோடி என 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே முனையில் சேர்த்துக் கட்டினாலும் சுமை 4 ஓம் ஆகிவிடும். நம் ஊர் வெக்கையில், கதவு மூடிய தொலைக்காட்சி அலமாரிக்குள் கூடுதல் மின்னோட்டத்தால் ஆம்ப்ளிஃபயரில் எழும் சூடு போக வழியில்லை.

சின்ன ஆம்ப்ளிஃபயர் என்றால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். விருந்தாளிகள் நிறைந்த வீட்டில் ட்வீட்டர் (ஸ்பீக்கருக்குள் உயர் சுருதி ஒலி தரும் சின்னப் பகுதி) கருகுவது பெரும்பாலும் இந்த நம்பிக்கையால்தான். 30 வாட் ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் திருகினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். உச்சி அங்கேயே நிற்க, பாட்டின் மெல்லிய பகுதிகள் மட்டும் மேலேறும். சராசரி வாட் கூடிவிடும். வெட்டுப்பட்ட அலையில் புதிதாகக் கிளம்பும் உயர் அதிர்வுகளும் ட்வீட்டருக்கே போகும். அதன் கம்பிச்சுருள் மயிரிழை தடிமன். தாங்குவதோ சில வாட்தான். பாடகர் குரலில் 'ஸ', 'ச' கரகரத்தால் உடனே ஒலியைக் குறைக்க வேண்டும். குமிழ் பாதியில் நிற்கிறதே என்று இருந்துவிடக் கூடாது: பாட்டு வரும் கருவியின் ஒலி அளவு கூடுதலாக இருந்தால் பாதியிலேயே முழு வாட்டும் தீர்ந்துவிடும்.

1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் (ஒலியின் அளவு) தரும் ஸ்பீக்கர், 16 வாட்டில் 99 டெசிபெல் தரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்துக்கு அது தாராளம். 3 டெசிபெல் கூட்டவே வாட் இரு மடங்காக வேண்டும் என்பதால் 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரியாது. தொடர்ந்து 80 வாட் தாங்கும் ஸ்பீக்கருக்கு 80 முதல் 120 வாட் ஆம்ப்ளிஃபயர் பொருத்தம். அந்த வாட், 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரு பக்கமும் ஒன்றாக ஓடும்போது அளந்ததா என்று கேளுங்கள். ஆயிரக்கணக்கில் போடும் பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச வாட்) எண்ணை நம்ப வேண்டாம்.

வயர் மாட்டும்போது மின்சாரத்தை அணையுங்கள். 5 மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். நுனியை இறுக முறுக்குங்கள். பிரிந்த ஒரே ஒரு செம்பு இழை சிவப்பு முனையிலிருந்து கருப்பைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயர் போய்விடலாம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கருப்பும் மாறினால் கருகாது, ஆனால் பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) செத்துப்போகும்.

கடைக்காரர்கள் விலைச்சீட்டில் வாட்டைப் பெரிதாகப் போடுகிறார்கள். பக்கத்திலேயே ஓமையும் டெசிபெலையும் அதே அளவு எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர், தெம்பனிஸ்